குறிப்பு எழுத ஆளில்லை, கூட்டம் மட்டும் வேண்டும்

ஞாயிறு இரவு எட்டு மணிக்கு எங்கள் தன்னார்வ மென்பொருள் குழுவின் இணையக் கூட்டம் தொடங்கினால் ஒன்பதரைக்கு முடியும். கையோடு உட்கார்ந்து குறிப்பை எழுதிக் குழுவில் போட்டுவிடுகிறேன்: என்னென்ன முடிவுகள், யார் எந்த வேலையை ஏற்றுக்கொண்டார், எந்தத் தேதிக்குள். ஒரு பக்கம்கூட வராது. திங்கள் காலை முதல் செய்தி: “சார், நேற்று வர முடியவில்லை. வீடியோ இருக்கிறதா?” ஒன்றரை மணி நேர வீடியோவுக்கு நேரம் இருக்கிறது, ஒரு பக்கம் படிக்க நேரமில்லையாம்! வீடியோவையும் பார்க்கப் போவதில்லை என்பது எனக்குத் தெரியும். இதுவரை ஏற்றி வைத்தவற்றை எத்தனை பேர் திறந்தார்கள் என்ற கணக்கு கண்ணெதிரே இருக்கிறது. அதிலும் பாதி, ஒலி சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று நானே திறந்து பார்த்தது.

நாங்கள் செய்வது தமிழ்ச் சொற்பிழை திருத்தி. லிப்ரே ஆபிஸ் அலுவலகத் தொகுப்பு, பயர்பாக்ஸ் உலாவி இரண்டிலும் உள்ளே இருந்து எழுத்துப்பிழை பார்க்கும் ஹன்ஸ்பெல் என்ற கட்டற்ற (யாரும் எடுத்து மாற்றிப் பகிரக்கூடிய) மென்பொருளுக்கான சொற்பட்டியலும் விகுதி விதிகளும். ஹன்ஸ்பெல் முதலில் ஹங்கேரிய மொழிக்காக உருவானது. அதுவும் நம் மொழியைப் போல விகுதிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் மொழிதான். இருந்தும் ‘வீடு’ என்று தொடங்கி ‘வீட்டிலிருந்துதானே’ வரை போவதை விதியாக எழுதி முடிப்பதற்குள் நாக்கு தள்ளிவிடுகிறது. புணர்ச்சி தெரிந்தவர்கள் நாலு பேர் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம். பேசுகிறோமா? உரிமத்தைப் பற்றிப் பேசுகிறோம்.

ஆமாம், உரிமம். மாற்றி வெளியிடுகிறவரும் அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும் என்கிற ஜிபிஎல்லிலேயே தொடர்வது என்று பல கூட்டங்களுக்கு முன்பே முடிவாகி, குறிப்பிலும் ஏறிவிட்டது. அன்று வராத ஒருவர் இன்று வருகிறார். “எம்ஐடி உரிமத்துக்கு மாறிவிட்டால் நிறுவனங்களும் எடுத்துக்கொள்ளுமே, ஏன் யோசிக்கக் கூடாது?” என்கிறார். எம்ஐடியில் அந்தக் கட்டாயம் இல்லை. உடனே இன்னும் மூன்று பேருக்கு உற்சாகம் பிறந்துவிடுகிறது. ஐயா, இது சுவருக்கு வண்ணம் மாற்றுகிற காரியமா? பங்களிப்பவர்கள் பதிப்புரிமையை எழுதிக் கொடுக்காத திட்டத்தில் அவரவர் எழுதிய வரி அவரவருக்கே சொந்தம். ஒவ்வொருவரிடமும் ஒப்புதல் வாங்க வேண்டும், தராதவர் எழுதியதைத் தூக்கிவிட்டுப் புதிதாக எழுத வேண்டும். வி.எல்.சி. வீடியோ பிளேயரின் உள் எஞ்சினை 2011-12இல் ஜிபிஎல்லிலிருந்து அதைவிடத் தளர்வான எல்ஜிபிஎல்லுக்கு மாற்றியபோது, பங்களித்தவர்களைத் தேடித் தேடிப் பிடித்துச் சம்மதம் கேட்டார்கள். எங்கள் பட்டியலில் முதல் இரண்டு பேரின் மின்னஞ்சல் முகவரியே இப்போது உயிரோடு இல்லை. இவ்வளவும் குறிப்பில் இருக்கிறது. குறிப்பின் இணையச் சுட்டியை அரட்டைப் பெட்டியில் ஒட்டினால், “படித்துவிட்டு அடுத்த வாரம் பேசுகிறேன்” என்று பதில் வருகிறது. அடுத்த வாரம்! எங்கள் நிலைமை இதுதான்.

குறிப்பு எழுத யார் முன்வருகிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். அதுவரை ஆளுக்கு ஆள் குறுக்கிட்டுக்கொண்டிருந்தவர்கள் ஒட்டுமொத்தமாக ஊமையாகிவிடுவார்கள். ஒலிவாங்கி அணைகிற சத்தம் மட்டும் கேட்காத குறை. ஒருமுறை ஒரு தம்பி ஒப்புக்கொண்டார். மின்சார ரயிலில் வந்துகொண்டே எழுதுகிறேன் என்றார். ‘பயணிகளின் கனிவான கவனத்திற்கு’ என்று மாம்பலம் நிலையம் எங்கள் எல்லோர் காதிலும் தமிழில் ஒருமுறை, இந்தியில் ஒருமுறை, ஆங்கிலத்தில் ஒருமுறை முழங்கியது. கோடம்பாக்கத்தில் இணைப்பு அறுந்தது. பகிர்ந்த ஏட்டில் அவர் எழுதி வைத்திருந்தது ஒரே வரி: “உரிமம் பற்றி விவாதம்.” அந்தத் தம்பி மீது எனக்குக் கோபமில்லை. முயன்றாரே. வீட்டில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த மற்றவர்கள் மீதுதான்.

சரி, பேச்சே வேண்டாம், எழுத்தில் நடத்துவோம் என்றேன். டெபியன் என்ற கட்டற்ற இயங்குதளத்தை உருவாக்குகிறவர்கள் ஐஆர்சி என்ற எழுத்து அரட்டையில் காலங்காலமாக அப்படித்தான் நடத்துகிறார்கள். மீட்பாட் என்று ஒரு நிரல் கூடவே இருந்து, முடிவு இது, பொறுப்பு இன்னாருக்கு என்று குறியிட்டதையெல்லாம் தொகுத்துக் கூட்டம் முடிந்ததும் குறிப்பாகக் கொடுத்துவிடும். அதற்கு வந்த மறுப்பு: “முகம் பார்த்துப் பேசினால்தான் சமூக உணர்வு வரும்.” யார் முகம்? கேமராவை ஒருவரும் திறப்பதில்லை! நான் பார்ப்பது கறுப்புக் கட்டங்களையும் பெயரின் முதலெழுத்துகளையும்தான்.

கருவிச் சண்டை தனிக் கதை. கட்டற்ற மென்பொருள் கூட்டத்தைக் கட்டற்ற கருவியில்தான் நடத்த வேண்டும் என்றார் ஒருவர். எனக்கும் அதே கொள்கைதான். பிக்புளூபட்டன் என்ற கட்டற்ற வீடியோ கூட்டக் கருவியை நம் சொந்த சர்வரில் நாமே நிறுவிவிடலாம் என்றார். நிறுவலாம். அதன் ஆவணமே 16 ஜிபி நினைவகமும் 8 கோர் செயலியும் கேட்கிறது. அந்த சர்வருக்கு மாத வாடகை யார் கட்டுவது, ஞாயிறு ஏழரைக்கு அது படுத்துவிட்டால் எழுப்புவது யார் என்று கேட்டேன். மேலே சொன்ன அதே மௌனம்.

நேரத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நமக்கு இரவு எட்டு மணி என்றால் உலகப் பொது நேரமான யுடிசியில் 14.30. நாம் கடிகாரத்தைத் தொடுவதே இல்லை. டொரண்டோவில் இருப்பவருக்குக் கோடையில் காலை பத்தரை, குளிர்காலத்தில் ஒன்பதரை. அங்கே கோடைக்காகக் கடிகாரத்தை மார்ச் இரண்டாம் ஞாயிறு ஒரு மணி நேரம் மாற்றுவார்கள், லண்டனில் கடைசி ஞாயிறு. வருடா வருடம் அறிவிப்பில் எழுதுகிறேன், வருடா வருடம் ஒருவர் கூட்டம் முடிகிற நேரத்துக்கு வந்து, “இப்போதுதான் தொடங்கினீர்களா?” என்கிறார்.

லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளத்தைப் பயன்படுத்துவோர் கூடும் இந்திய லினக்ஸ் பயனர் குழுவின் சென்னைக் கிளை 1998இல் தொடங்கியது. அந்தக் காலத்துக் கூட்டங்களுக்குத் தாம்பரத்திலிருந்தும் ஆவடியிலிருந்தும் பஸ் பிடித்துத்தான் வர வேண்டும். அவ்வளவு தூரம் வருகிறவர் எதற்கு வருகிறோம் என்று யோசித்துக்கொண்டு வந்தார். இப்போது சுட்டியைத் தட்டினால் உள்ளே. அதனால்தான் தோசையைப் புரட்டிக்கொண்டே, ஒலிவாங்கியை அணைக்காமல், “இப்போது எதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம்?” என்று கேட்க முடிகிறது.

சம்பளமில்லாத வேலைக்கு ஏன் இவ்வளவு கோபம் என்கிறார் என் நண்பர். சம்பளம் கொடுத்திருந்தால் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேனே!

வரும் ஞாயிறு நிகழ்ச்சி நிரலில் ஒரே பொருள்: வேற்றுமை உருபுகளுக்கான விதிகள். முதல் ஐந்து நிமிடத்தில் குறிப்பெழுத யாரும் கை தூக்காவிட்டால் கூட்டம் இல்லை, எல்லோரும் போய்ச் சாப்பிடலாம். உரிமம் என்று யாராவது ஆரம்பித்தால் அவர் ஒலிவாங்கியை நானே அணைத்துவிடுவேன். நடத்துநர் பொத்தான் என்னிடம் இருக்கிறது. வீடியோவும் கிடையாது.