மோந்து பார்த்தால் தெரியாதுங்க

எங்கள் அபார்ட்மெண்ட் குழுவில் ஒரு சலாமி பாக்கெட்டை வைத்துச் சண்டை (சலாமி என்றால் ஆலையில் வேகவைத்து ஸ்லைஸ் போட்டு விற்கும் இறைச்சி). டெலிவரியில் வந்ததை ஒரு கர்ப்பிணி சாப்பிடலாமா என்பதுதான் விஷயம். வேண்டாம் என்று நான் எழுதினேன், பல பேர் என்மேல் பாய்ந்தார்கள். ஆனால் "மோந்து பாரும்மா, நாத்தம் இல்லைன்னா சாப்பிடு" என்று ஆறு மாதக் கர்ப்பிணிக்கு ஒருவர் யோசனை சொல்ல, அதற்கு அத்தனை பேர் கைதட்டியதைத்தான் தாங்க முடியவில்லை. பாக்கெட் வந்தபோதே வெதுவெதுப்பாக இருந்ததாம்!

லிஸ்டீரியா என்ற கிருமி வளர்ந்த இறைச்சியில் நாற்றமும் வராது, ருசியும் மாறாது. ஃப்ரிட்ஜுக்குள் 4 டிகிரியிலும் அது மெல்லப் பெருகும், குளிர் விட்டுப்போனால் வேகமாகப் பெருகும். ஃப்ரீசரில் வைத்தாலும் சாகாது. ஆலையில் வேகவைக்கும்போது செத்துவிடும், சரி. வெந்த பிறகு ஸ்லைஸ் போடும் மெஷினில் இருந்து மறுபடி ஒட்டிக்கொண்டால்? கனடாவில் 2008இல் அப்படித்தான் 20 பேருக்கு மேல் இறந்தார்கள். தென்னாப்பிரிக்காவில் 2017-18இல் போலனி என்ற இறைச்சி வகையால் 1,000 பேருக்கு மேல் பாதிப்பு, 200 பேருக்கு மேல் சாவு. பாதிக்கப்பட்டவர்களில் பத்தில் நான்கு பேர் பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத குழந்தைகள். அதனால்தான் பதறினேன்.

என் அம்மா பெங்களூரு சிவாஜிநகர் ரஸ்ஸல் மார்க்கெட்டில் கறியை விரலால் அழுத்தி, மோந்து பார்த்துத்தான் வாங்குவார். கறிக்காரர் முகம் சுளித்தாலும் விடமாட்டார். பச்சைக் கறிக்கு அந்த மூக்கு போதும். எப்படியும் வீட்டில் கொதிக்கக் கொதிக்கக் குழம்பு வைப்போம். சலாமியை யார் வேகவைக்கிறார்கள்? பிரித்ததும் அப்படியே ரொட்டிக்குள் வைத்துவிடுகிறோம்.

அசைவத்தின் மேல் எனக்கு வெறுப்பாம். ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வந்து பாருங்கள். உப்பு போட்ட கறி கெடாது என்றார் இன்னொருவர். இந்தக் கிருமி உப்பையும் தாங்கும். "நம்ம ஊர்ல யாருக்கு வந்துச்சு?" என்ற கேள்விதான் அதிகம் வந்தது. சாப்பிட்டுப் பல வாரம் கழித்துக்கூட நோய் வரலாம். தாய்க்கு லேசான காய்ச்சல், உடம்பு வலி, அவ்வளவுதான். ஆனால் வயிற்றில் இருக்கும் குழந்தை போய்விடலாம். ரத்தத்தைக் கல்ச்சர் செய்து, அதாவது கிருமி வளர்கிறதா என்று லேபில் பார்க்காமல் காய்ச்சல் மாத்திரை கொடுத்து அனுப்பினால், வந்தது யாருக்குத் தெரியும்?

டெலிவரி பையன் வயிற்றில் அடிக்கிறேன் என்றும் எழுதினார்கள். இதுதான் ரொம்ப வலித்தது. அந்தப் பிள்ளையை நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வெயிலில் சில்க் போர்டு ஜங்ஷன் நெரிசலில் நிற்கிறவனுக்கு ஐஸ் பை கொடுக்காதது யார்? கரண்ட் பில்லுக்காக ராத்திரியில் ஃப்ரீசரை அணைக்கும் கடைக்காரரை நாம் என்றைக்காவது கேட்டிருக்கிறோமா? கேட்டால் பயமுறுத்துகிற ஆன்ட்டி ஆகிவிடுகிறோம்.

குழுவில் என் பதிவை நீக்கிவிட்டார்கள். அதனால் இங்கே போடுகிறேன். கர்ப்பிணிகள், வயதானவர்கள், கீமோ எடுப்பவர்கள் சலாமி, சாசேஜ், ஹாம் எதுவானாலும் ஆவி பறக்கச் சூடாக்காமல் சாப்பிடாதீர்கள். வெதுவெதுப்பாக வந்தால் வாசலிலேயே திருப்பிக் கொடுங்கள். ஏற்கெனவே சாப்பிட்டிருந்தால் டாக்டரிடம் சொல்லி வையுங்கள், அடுத்த இரண்டு மாதத்தில் காய்ச்சல் வந்தால் அன்றைக்கே போங்கள். அந்தப் பெண்ணுக்கும் இதையே தனியாக அனுப்பியிருக்கிறேன்.