தேடுறதுக்கும் ஆளைப் பாக்கினமா?

2018 மார்ச்சில ரொறன்ரோ பொலிஸ் ஒரு படம் வெளியிட்டது. செத்துப்போன ஒராளின்ர முகம். இது ஆரெண்டு தெரியுமா எண்டு சனத்தைக் கேட்டினம். எங்கட தமிழாள். 2010ல சன் சீ எண்ட அகதிக் கப்பல்ல கனடாவுக்கு வந்த 492 பேரில ஒருத்தர். அகதிக் கோரிக்கையை நிராகரிச்சுப்போட்டினம், திருப்பி அனுப்பிடுவாங்கள் எண்ட பயத்தில எங்கயோ ஒளிச்சிருக்கிறார் எண்டுதான் வீட்டுக்காரர் நினைச்சுக்கொண்டிருந்தவை, அதால பொலிஸில ஒரு முறைப்பாடுகூட இல்லை. அந்தப் படம் இப்பவும் என்ர கண்ணுக்குள்ள நிக்குது.

அவரைக் கொலை செய்தது புரூஸ் மக்காதர் எண்ட ரொறன்ரோத் தொடர் கொலைகாரன். அவன் கொலை செய்த எட்டுப் பேரில ஆறு பேர் இலங்கை, ஆப்கானிஸ்தான், ஈரான், துருக்கியில இருந்து வந்தவை. முதல்ல, 2010 செப்டம்பர்ல காணாமல் போனவரும் தமிழர்தான். அவர் அப்பதான் ஒரு நாய்க்குட்டி வாங்கினவர், அதை விட்டிட்டு எங்கயும் போற ஆளில்லை எண்டு சிநேகிதருக்குத் தெரியும். 2012 கடைசியில, காணாமல் போன மூண்டு பேருக்காக பொலிஸ் 'புரொஜெக்ட் ஹூஸ்டன்' எண்டு ஒரு விசாரணை தொடங்கி, 2013ல மக்காதரையே கூப்பிட்டு விசாரிச்சுப்போட்டு அனுப்பிவிட்டு, 2014ல அதை மூடியும் போட்டாங்கள். அதுக்குப் பிறகு அஞ்சு உயிர் போனது.

2017 ஜூனில ஒரு வெள்ளைக்காரர் காணாமல் போனார். அவற்ற கலண்டரில அண்டைக்கு 'புரூஸ்' எண்டு எழுதியிருந்தது, கமெராவில ஒரு சிவப்பு வான். ஏழு மாசத்துக்குள்ள கைது. அந்த மனுசனுக்காக அவ்வளவு மினக்கெட்டது சரிதான், அதைப்போல மற்றவைக்கும் ஏன் மினக்கெடேல்லை எண்டுதான் கேக்கிறன். 2017 டிசம்பர்லகூட பொலிஸ் தலைவர் மார்க் சோண்டர்ஸ் தொடர் கொலைகாரன் இருக்கிறதுக்கு ஆதாரமில்லை எண்டவர், பிடிபட்ட பிறகு ஒருத்தரும் எங்களிட்ட ஒண்டும் கொண்டுவரேல்லை எண்ட மாதிரிக் கதைச்சவர். எப்பிடி ஐயா வருவினம்? பொலிஸ் எண்டாலே நாடுகடத்தல்தான் எண்டு நடுங்கிற சனம்!

2021ல முன்னாள் நீதிபதி குளோரியா எப்ஸ்டீன் தன்ர அறிக்கையில இதில அமைப்பு ரீதியான பாகுபாடு இருந்தது எண்டு எழுதி 151 பரிந்துரை குடுத்தவா.

எங்கட ஆக்களிலயும் எனக்குக் கோவம் இருக்கு. கிளிநொச்சியில அம்மாமார் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையளின்ர படத்தோட 2017ல இருந்து ரோட்டில இருக்கினம், அதுக்காக அழுற நாங்கள் இங்க இந்த ரெண்டு தமிழரையும் பற்றி வாய் திறக்கேல்லை, கே வில்லேஜ் (ரொறன்ரோவில ஓரினச்சேர்க்கையாளர் கூடுற பகுதி) எண்ட ஒரு சொல்லுக்காக. அவையும் ஒரு தாய் பெத்த பிள்ளையள்தானே!

உங்கட பேஸ்மென்ட்டில இருக்கிற பெடியன் ரெண்டு கிழமையா போன் எடுக்கேல்லையெண்டா, விசாப் பிரச்சினையால ஒளிச்சிருப்பான் எண்டு விட்டிடாதேங்கோ. தனியப் போகப் பயமெண்டா ஒரு லோயரைக் கூட்டிக்கொண்டு போய் முறைப்பாடு எழுதுவியுங்கோ.