அழகு மட்டும் போதாது

இயற்கையின் வெவ்வேறு விசைகளை ஒன்றாக விளக்கும் இயற்பியல் கோட்பாட்டை ஒருங்கிணைந்த கோட்பாடு என்பார்கள். "கணிதம் அழகாக இருந்தால் போதும், அதுவே நல்ல ஒருங்கிணைந்த கோட்பாடு, சோதனையெல்லாம் அப்புறம்" என்று சிலர் சொல்வதுண்டு. நடந்த வரலாறு அப்படி இல்லை.

1974-இல் இயற்பியலாளர்கள் ஜார்ஜியும் கிளாஷோவும் முன்வைத்த எஸ்யூ(5) கோட்பாட்டைப் பாருங்கள். மின்காந்த விசை, சில கதிரியக்கச் சிதைவுகளுக்குக் காரணமான வலுவற்ற விசை, அணுக்கருவைப் பிணைக்கும் வலுவான விசை மூன்றையும் ஒரே கணிதச் சமச்சீருக்குள் அடக்கியது. புரோட்டானின் மின்னூட்டமும் எலக்ட்ரானின் மின்னூட்டமும் ஏன் அளவில் அச்சு அசலாகச் சமம் என்பதற்கும் விடை தந்தது. அதைவிட அழகான ஒன்றைக் காட்டுவது கடினம் என்றுதான் நான் சொல்வேன்.

ஆனால் அதன்படி புரோட்டான் என்றாவது இலகுவான துகள்களாகச் சிதைய வேண்டும். அதன் ஆயுள் ஏறத்தாழ 1-க்குப் பின் 30 அல்லது 31 சுழியங்கள் போட்ட ஆண்டுகள். ஒரு புரோட்டானைப் பார்த்துக்கொண்டு அவ்வளவு காலம் காத்திருக்க முடியாது, சரி. ஏராளமான புரோட்டான்களை ஒரே இடத்தில் குவித்தால் சில ஆண்டுகளிலேயே தெரிந்துவிடும். அதற்காகவே அமெரிக்காவில் ஒஹாயோவின் உப்புச் சுரங்கத்திலும் ஜப்பானின் கமியோகா சுரங்கத்திலும் பெரிய நீர்த்தொட்டிகள் கட்டினார்கள்; நீரில் புரோட்டான்கள் ஏராளம். பிறகு 50,000 டன் நீருடன் சூப்பர் கமியோகாண்டே என்ற இன்னும் பெரிய தொட்டி ஜப்பானில் 1996-இல் இயங்கத் தொடங்கியது. ஒரு சிதைவும் உறுதியாகவில்லை. எதிர்பார்த்த முக்கியச் சிதைவு வழியில் ஆயுள் 34 சுழியங்களைத் தாண்டுகிறது என்பதே இன்றைய நிலை. எஸ்யூ(5)-இன் எளிய வடிவம் அத்துடன் விழுந்தது.

விழுந்தாலும் அதை நான் நல்ல கோட்பாடு என்றே மதிக்கிறேன், ஏனென்றால் எங்கே தேடினால் தன் தவறு தெரியும் என்பதை அதுவே சொன்னது. மின்காந்த விசையையும் வலுவற்ற விசையையும் இணைத்த கோட்பாடும் அதே துணிவைக் காட்டியது. வலுவற்ற விசையைக் கடத்தும் டபிள்யூ, இசட் துகள்களின் நிறையை முன்கூட்டியே சொன்னது. 1983-இல் ஐரோப்பியத் துகள் இயற்பியல் ஆய்வகமான செர்னில் அவை கிடைத்தன.