சுவெட்டர் லேபிளில் இருப்பது உளவுக் கருவியா?

"நுவரெலியாவில் விற்கிற சுவெட்டர்களில் சிப் இருக்கிறது, எந்த மலையில் கொழுந்து பறிக்கிறோம் என்பது தோட்ட ஆபிசுக்குத் தெரிந்துவிடும்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு சுற்றுகிறது. இது தவறு.

சில லேபிள்களை வெளிச்சத்தில் பிடித்தால், வளைந்து வளைந்து ஓடும் வெள்ளிநிறக் கோடும் நடுவில் கடுகிலும் சிறிய கறுப்புப் புள்ளியும் தெரியும். அது ஆர்எப்ஐடி, அதாவது ரேடியோ அலையால் வாசிக்கும் அடையாளச் சிப், கடைகளில் சரக்கு எண்ணுவதற்கு வைப்பது. பற்றரி கிடையாது. வாசிக்கும் கருவி சில மீற்றர் தூரத்துக்குள் வந்து அலை அனுப்பினால்தான் தன் இலக்கத்தைச் சொல்லும். இருக்கும் இடத்தை அறிய ஜிபிஎஸ் வேண்டும், அதை அனுப்ப சிம் வேண்டும், இரண்டுக்கும் மின்சாரம் வேண்டும். போனுக்கே சிக்னல் தேடி மேட்டில் ஏறுகிற இடத்தில் சட்டை எப்படிச் செய்தி அனுப்பும்?

சரி, நூலுக்குள் சிப் என்பதே கற்பனையா? இல்லை. 2021இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நூற்றுக்கணக்கான சிலிக்கன் சிப்களைப் பொதிந்த இழையைச் செய்து காட்டினார்கள். ஊசியில் கோத்துத் தைக்கலாம், 10 தடவையாவது துவைக்கலாம். ஆனால் அதை இயக்கவே வெளியே ஒரு சிறு கருவியை இணைக்க வேண்டியிருந்தது. அது ஆய்வுகூடத்து இழை. சந்தையில் தொங்கும் சுவெட்டரில் இருப்பது அல்ல.

லேபிள் உறுத்தினால் வெட்டி எறியுங்கள், சுவெட்டருக்கு ஒன்றும் ஆகாது.