எனக்கு யாரும் வாழ்க்கை கொடுக்கவில்லை

போன வாரப் பாராட்டு விழாப் படத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். எனக்கே பதினோரு பேர் வாட்ஸப்பில் அனுப்பினார்கள், பாதிப் பேர் கைகூப்பும் பொம்மையோடு. நான் கட்டிக்கொள்ளப்போகிறவர் மேடையில் பச்சைப் பொன்னாடையோடு நிற்கிறார். படத்தின் இடது ஓரத்தில், மேடைக்குக் கீழே, என் வீல்சேரின் ஒரு சக்கரம் தெரிகிறது. நான் இல்லை. மாநிலப் போட்டியில் குண்டு எறிந்து வெள்ளி வாங்கியது நான்.

மேடைக்கு ஐந்து படி. மாற்றுத்திறனாளி விளையாட்டு வீரர்களுக்கு நடத்திய விழாவில் மேடைக்குச் சாய்தளம் இல்லை. என் பெயரை அழைத்ததும் சிறப்பு விருந்தினர் இரண்டு படி இறங்கி வந்து, குனிந்து, கேடயத்தை என் மடியில் வைத்துவிட்டுத் திரும்பி ஏறிக்கொண்டார். அதைக்கூட விட்டுவிடுகிறேன், பழகிப்போனதுதான். அப்புறம் மைக்கை வாங்கி, "இந்தப் பொண்ணுக்கு வாழ்க்கை கொடுக்க முன்வந்திருக்கிற நம்ம தம்பி இங்க வந்திருக்காரு, அவரை மேடைக்குக் கூப்பிடுறேன்" என்றார். அவர் ஐந்து படியும் ஏறிப் போனார். பொன்னாடை, கைதட்டல், படம். கடைசியாக, "தங்கச்சி இனிமே வெயில்ல கஷ்டப்பட வேண்டாம், போதும் விளையாடினது, புகுந்த வீட்ல ராணி மாதிரி இருக்கட்டும்" என்று என்னை விளையாட்டிலிருந்தே ஓய்வு பெறவைத்துவிட்டு உட்கார்ந்தார். அதற்கும் கைதட்டினார்கள்.

எனக்கு யாரும் வாழ்க்கை கொடுக்கவில்லை. இதைத்தான் சொல்ல வந்தேன், எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன்.

எட்டு வயதில் நாவல் மரத்திலிருந்து விழுந்தேன். அதற்குப் பிறகும் எனக்கு வாழ்க்கை இருந்தது. பள்ளிக்கூடத்துக்கு அம்மா இடுப்பில் தூக்கிப்போனார், பத்தாவது வரைக்கும். பி.காம். முடித்தேன், இ-சேவை மையத்தில் வேலை பார்க்கிறேன், ஏழு வருஷமாகக் குண்டு எறிகிறேன். காலை ஐந்தே முக்காலுக்குத் திருச்சி அண்ணா விளையாட்டரங்கத்தில் இருப்பேன். மூன்று கிலோ குண்டு, உட்கார்ந்து எறிபவர்களுக்கான பிரிவுகளில் எஃப்56 என்னுடையது. நாற்காலியில் உட்கார்ந்து, தொடையையும் இடுப்பையும் பட்டையால் இறுக்கிக் கட்டிக்கொண்டு எறிய வேண்டும், இருக்கையை விட்டு இடுப்பு எழும்பினால் ஃபவுல். கையிலும் தோளிலும் உடம்பின் மேல்பாதியிலும் இருக்கிற பலம்தான் குண்டோடு போகும். இதெல்லாம் நடந்தது அவரைப் பார்ப்பதற்கு முன்னால். வாழ்க்கை இல்லாமலா இத்தனையும் செய்தேன்?

அவரைச் சந்தித்ததே அந்த நாற்காலியால்தான். எறியும் நாற்காலி கடையில் கிடைக்காது. நம் உடம்புக்கு அளவெடுத்து, இரும்புக் குழாயை வெட்டி வெல்டிங் செய்து கொடுக்க ஆள் வேண்டும். யாரோ சொல்லி அரியமங்கலத்தில் ஒரு பட்டறைக்குப் போனேன். இருக்கையின் உயரம் மெத்தையோடு சேர்த்து 75 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது என்பது விதி. அவர் மெத்தையைக் கணக்கில் எடுக்காமல் சட்டத்தை மட்டும் 75க்குச் செய்துவிட்டார். போட்டிக்கு முந்தின நாள் ராத்திரி பத்து மணிக்கு நாலு காலையும் கிரைண்டரில் அறுத்தார். அறுத்து முடித்து, டேப்பை வைத்து அளந்து, என்னைப் பார்த்து, "மேடம், நீங்க ஒரு தடவ உட்கார்ந்து பாருங்க, ஆடுச்சுன்னா சொல்லுங்க" என்றார். என்னைத் தூக்கிவிட வரவில்லை. நானாகக் கை ஊன்றி மாறி உட்காரும் வரைக்கும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றார். எனக்குப் பிடித்தது அதுதான். அவர் எனக்குக் கொடுத்தது ஒரு நாற்காலி. அதற்கு 4,800 ரூபாய் எண்ணிக் கொடுத்தேன், பில்கூட இருக்கிறது.

"பெரிய மனுஷன் நல்லெண்ணத்துலதானே சொன்னாரு, பாராட்டைக்கூடவா ஏத்துக்கத் தெரியாது?" என்று கேட்கிறார்கள். நல்லெண்ணம் என்றே வைத்துக்கொள்வோம். அந்த நல்லெண்ணத்தில் நான் யார்? ஒருவன் புண்ணியம் தேடிக்கொள்வதற்குக் கிடைத்த பொருள். கோயிலில் அன்னதானம் செய்தால் செய்தவர் பெயரைப் பலகையில் எழுதுவார்கள், சாப்பிட்டவர் பெயரை யார் எழுதுவார்கள்? அவரைக் கட்டிக்கொள்ள நான் சம்மதித்தேன் என்பது ஏன் யாருக்குமே தோன்றவில்லை? அவருக்கு முன்னால் வந்த இரண்டு வரன்களை வேண்டாமென்றது நான். ஒருவர் முதல் மனைவியை இழந்தவர், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடினார். இன்னொருவர் நான் வேலையையும் விளையாட்டையும் விட வேண்டும் என்றார். எனக்குக் கால் வராது, ஆனால் வேண்டாம் என்று சொல்ல வாய் இருக்கிறது.

சொந்தக்காரர் ஒருவர் அவரிடமே, "அந்த எட்டு கிராம் தங்கம் வந்துடும்ல?" என்று கேட்டார். மாற்றுத்திறனாளியைத் திருமணம் செய்தால் அரசு திருமண உதவி தருகிறது, தாலிக்கு 8 கிராம் தங்கமும் 25,000 ரூபாயும், பட்டம் படித்திருந்தால் 50,000. நல்ல திட்டம். எத்தனையோ பேருக்கு உதவியிருக்கிறது, நானும் விண்ணப்பிப்பேன், அது என் உரிமை. ஆனால் எனக்குப் போட்ட விலை போல அதைக் கேட்காதீர்கள்.

அடுத்தது, "நடைமுறையைச் சொல்றோம்" கோஷ்டி. காதல் வந்தால் கவனம் போய்விடும், கல்யாணம் ஆனால் விளையாட்டு முடிந்தது. ஜூனில் 6.38 மீட்டர் எறிந்தவள் மாநிலப் போட்டியில் 6.05தானே எறிந்தாய், என்ன காரணம் என்று கண்ணடிக்கிறார்கள்.

சரி, உண்மையைச் சொல்கிறேன். முதல் இரண்டு மாதம் கவனம் போகத்தான் செய்தது. ராத்திரி ஒரு மணி வரைக்கும் போன். காலையில் அலாரம் அடித்தால் அணைத்துவிட்டுப் படுத்தேன். ஒரே மாதத்தில் ஏழு நாள் மைதானத்துக்குப் போகவில்லை, கோச் சார் நோட்டில் ஏழு சிவப்புக் கோடு போட்டு வைத்திருக்கிறார். முப்பது வயதில் முதல் தடவையாக ஒருவர் "சாப்பிட்டியா" என்று கேட்கிறார், அந்த மயக்கம் எனக்கு மட்டும் வரக் கூடாதா? அப்புறம் நானே ஒன்பதரைக்குப் போனை வைத்துவிட வேண்டும் என்று சொன்னேன், அவரும் ஒத்துக்கொண்டார், நிறுத்தினோம். 6.05க்குக் காரணம் தோள்பட்டை வலி. காரணம் காதல்தான் என்றே வைத்துக்கொண்டாலும், அது என் 33 சென்டிமீட்டர். நான் பார்த்துக்கொள்கிறேன்.

ரியோவில் 2016இல் தீபா மாலிக் வெள்ளி வாங்கினார். என்னைப் போலவே உட்கார்ந்து குண்டு எறிபவர், எஃப்53 பிரிவு, 4.61 மீட்டர். பாராலிம்பிக்கில் பதக்கம் வாங்கிய முதல் இந்தியப் பெண். அப்போது அவருக்கு வயது 45, இரண்டு பெண் பிள்ளைகளுக்கு அம்மா. கல்யாணம் ஆனால் முடிந்தது என்று சொல்பவர்கள் அவரிடம் போய்ச் சொல்லுங்கள். பார்வைக் குறைபாடுள்ள சிம்ரன் சர்மா பாரிஸ் பாராலிம்பிக்கில் 200 மீட்டர் டி12 பிரிவில் வெண்கலம் வாங்கினார். ராணுவத்தில் இருக்கிற அவர் கணவர் கஜேந்திர சிங்தான் அவருக்குப் பயிற்சியாளர். உடனே "பாத்தியா, அங்கயும் புருஷன்தான்" என்பீர்கள். பயிற்சி கொடுத்தது அவர். 24.75 விநாடியில் ஓடியது சிம்ரனின் கால்.

அமெரிக்காவில் ஹன்டர் வுட்ஹால் என்று ஒருவர், இரண்டு காலும் முழங்காலுக்குக் கீழே இல்லை. மனைவி டாரா நீளம் தாண்டுபவர். பாரிஸில் 2024 ஆகஸ்ட்டில் டாரா 7.10 மீட்டர் தாண்டி ஒலிம்பிக் தங்கம் வாங்கியதும் கேலரிக்கு ஓடிப்போய்க் கணவரைக் கட்டிக்கொண்டார். அடுத்த மாதம் அதே மைதானத்தில் ஹன்டர் பாராலிம்பிக்கில் 400 மீட்டர் டி62 பிரிவில் தங்கம் வாங்கினார், இந்தத் தடவை டாரா பார்வையாளர் பக்கம். நான் அந்த வீடியோவை எத்தனை முறை பார்த்தேன் என்று கணக்கே இல்லை. இரண்டு பேர் ஒருவர் போட்டியில் இன்னொருவர் கத்துகிறார்கள், அவ்வளவுதான். யாரும் யாருக்கும் வாழ்க்கை கொடுக்கவில்லை.

உயரம் தாண்டும் நம் மாரியப்பன் ரியோ, டோக்கியோ, பாரிஸ் என்று வரிசையாக மூன்று பாராலிம்பிக்கில் பதக்கம் வாங்கியவர். ஒரு ஆணிடம், குடும்பம் வந்துவிட்டது, போதும் தாண்டினது, வீட்டில் இருங்கள் என்று யாராவது மைக்கில் சொல்வார்களா?

"சொந்த விஷயத்தை ஏன் ஊருக்குச் சொல்றே?" மேடையில் மைக் வைத்துச் சொன்னது நானா?

இதுவரைக்கும் எழுதியது அந்த விருந்தினருக்கு. அவர் மறந்திருப்பார், நாளைக்கு வேறு விழா இருக்கும். எனக்கு வலித்தது வேறு.

விழா முடிந்து என் சைடு வீல் வண்டியில்தான் திரும்பினோம். நான் ஓட்டினேன், அவர் பின்னால். பொன்னாடை இருந்த பிளாஸ்டிக் கவரை மடியில் வைத்திருந்தார், காற்றில் அது சடசடவென்று அடித்துக்கொண்டே வந்தது. பாலக்கரை தாண்டும்போது, "நல்லாத்தான் பேசினாரு, இல்ல?" என்றார். வண்டியை ஓரமாக நிறுத்தினேன். என்ன சொல்வதென்று தெரியவில்லை. போட்டி நாளில் என் கையெல்லாம் சாக் பவுடராக இருந்தபோது எனக்குத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்த மனுஷன், அந்த மேடையில் நின்று "நாற்காலி செஞ்சது நான், எறியிறது அவங்க" என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். சிரித்துக்கொண்டு நின்றார். அந்தச் சிரிப்பைப் படத்தில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். உள்ளுக்குள் அவருக்கும் அப்படி ஒரு எண்ணம் இருக்குமோ? நான் தியாகம் செய்கிறேன் என்று என்றைக்காவது சண்டையில் வாயில் வந்துவிடுமோ? அவருடைய அம்மா அந்தப் பொன்னாடையை மடித்துப் பீரோவில் வைத்திருக்கிறாராம். அத்தை மேல் எனக்குக் கோபமில்லை, மகனுக்குக் கிடைத்த மரியாதை அவருக்குப் பெரிதுதான். ஆனால் அது அந்தப் பீரோவில் இருக்கிற வரைக்கும் அந்த வீட்டில் நான் யாராக நுழைவேன்?

மூன்று நாள் பேசவில்லை. "மேடையில எனக்கு ஒண்ணுமே ஓடல. பெரியவர்கிட்ட மைக்கைப் பிடுங்கவா முடியும்?" என்று மெசேஜ் அனுப்பினார். பிடுங்க வேண்டாம், கீழே இறங்கி வந்து என் பக்கத்தில் நின்றிருக்கலாம் என்று பதில் போட்டேன். நீலக் குறி விழுந்தது, பதில் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மைதானத்துக்கு வந்தார். நாற்காலியின் பாதப் பலகையில் விரிசல் விட்டிருந்ததைப் போன வாரமே கோச் சார் போன் செய்து சொல்லியிருக்கிறார். பட்டறைக்கு எடுத்துப்போய் ஒட்டிக்கொண்டு வந்தார். எவ்வளவு என்று கேட்டேன். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு, "நூத்தம்பது" என்றார். ஜிபேயில் அனுப்பினேன், வாங்கிக்கொண்டார். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை, நானும் முழுதாக ஆறவில்லை. கல்யாணத் தேதியைத் தேர்வுப் போட்டிக்குப் பிறகுதான் பார்க்க வேண்டும் என்று நான் சொன்னேன், சரி என்றார்.

அந்தப் படத்தை இன்னும் போட்டு வைத்திருப்பவர்கள் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். வேறு படம் வேண்டுமென்றால் இதோ கீழே போடுகிறேன், அன்றைக்கு மைதானத்தில் எடுத்தது. நாற்காலியில் நான், கழுத்தோடு ஒட்டிக் குண்டு. பின்னால் தரையில் மண்டிபோட்டுப் பட்டையை இழுத்துக் கட்டுவது அவர். முகம் சரியாகத் தெரியாது, பரவாயில்லை.