அது அடிக்குறிப்பு அல்ல

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் மூன்று நாட்களாக இருந்தேன். வந்திருந்தவர்களுக்குத் தெரியும், வராதவர்களும் காணொளியைப் பார்த்திருப்பீர்கள். ஹாப்ஸ், லாக், ரூசோ ஆகிய மூன்று ஐரோப்பிய அரசியல் சிந்தனையாளர்களைப் பற்றியும் ஒன்றரை மணி நேரம் அருமையாகப் பேசிய அந்தப் பெரியவர், பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் பெண்ணுரிமைக்காக எழுதிய ஒலிம்ப் தெ கூஜ் பற்றி நான் கேட்டபோது, "அதெல்லாம் அடிக்குறிப்பு அம்மா, மையக் கேள்விக்கு வாருங்கள்" என்றார். அரங்கில் சிலர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

அது அடிக்குறிப்பு அல்ல. மையக் கேள்வியே அதுதான்.

மனிதரின் இயல்பு எத்தகையது, அதற்கு எத்தகைய அரசு பொருந்தும் என்பதுதானே அன்றைய பேச்சு? இங்கிலாந்தின் உள்நாட்டுப் போர்க் காலத்தில் பாரிஸில் தஞ்சம் புகுந்திருந்த ஹாப்ஸ், அரசில்லாத இடத்தில் மனிதர் ஒருவரையொருவர் அஞ்சியே வாழ்வர், ஆகவே எல்லோரும் ஒரே அதிகாரத்துக்குக் கட்டுப்படுவதே வழி என்று 1651-இல் எழுதினார். உயிரும் சுதந்திரமும் உடைமையும் அரசு தோன்றுவதற்கு முன்பே மனிதருக்கு உரியவை, அவற்றைப் பறிக்கும் அரசை நீக்க மக்களுக்கு உரிமை உண்டு என்றார் லாக். ஆப்பிரிக்க அடிமை வணிகம் செய்த நிறுவனத்தில் அவருக்குப் பங்கு இருந்ததும் உண்மை. மனிதன் சுதந்திரமாகப் பிறக்கிறான், எங்கும் விலங்கிடப்பட்டிருக்கிறான் என்று 1762-இல் எழுதிய ரூசோ, அதே ஆண்டு வெளியிட்ட கல்வி பற்றிய நூலில், பெண்ணின் கல்வி முழுவதும் ஆணைச் சார்ந்தே அமைய வேண்டும் என்றார். இந்த இரண்டாவது நூலின் பெயர்கூட அன்று மேடையில் உச்சரிக்கப்படவில்லை.

1789 ஆகஸ்ட் 26 அன்று பிரெஞ்சுத் தேசிய அவை 17 பிரிவுகள் கொண்ட மனித உரிமைப் பிரகடனத்தை ஏற்றது. மனிதர் சுதந்திரமாகவும் உரிமைகளில் சமமாகவும் பிறக்கின்றனர் என்பது அதன் முதல் பிரிவு. ஆனால் வாக்குரிமை என்று வந்தபோது, போதிய வரி கட்ட இயலாத ஆண்களும் பெண்கள் அனைவரும் வெளியே நிறுத்தப்பட்டார்கள். 1791-இல் தெ கூஜ் அந்தப் பிரகடனத்தை எடுத்து, பெண்ணையும் சேர்த்து, 17 பிரிவுகளாகவே திருப்பி எழுதினார். தூக்குமேடை ஏறும் உரிமை பெண்ணுக்கு உண்டென்றால், பேச்சுமேடை ஏறும் உரிமையும் உண்டு என்பது அவருடைய பத்தாவது பிரிவு. 1793 நவம்பர் 3 அன்று அவர் கில்லட்டினில் கொல்லப்பட்டார். பிரெஞ்சுப் பெண்களுக்கு வாக்குரிமை வழங்கிய ஆணை வந்தது 1944-இல். இடையில் 151 ஆண்டுகள். இதையா அடிக்குறிப்பு என்கிறீர்கள்?

"அந்தக் காலத்தை இன்றைய அளவுகோலால் அளக்கக்கூடாது" என்று பின்னூட்டத்தில் சிலர் எழுதுவீர்கள் என்று தெரியும். நான் இன்றைய அளவுகோலைக் கொண்டுவரவில்லை. 1790-இல், அதே பாரிஸில், கோந்தோர்சே என்ற கணிதவியலாளர் பெண்களுக்குக் குடியுரிமை வழங்க வேண்டும் என்று கட்டுரை எழுதி அச்சிட்டார். மனிதர் எவருக்கும் உண்மையான உரிமை இல்லை, அல்லது எல்லோருக்கும் ஒரே உரிமை உண்டு என்பதே அவருடைய வாதம். 1791 ஆகஸ்டில் இன்று ஹைட்டி எனப்படும், அன்று பிரான்ஸின் காலனியாக இருந்த சான் டொமிங்கோவின் கரும்புத் தோட்டங்களில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். பிரான்ஸ் அடிமை முறையை ஒழித்தது அதன் பிறகு, 1794-இல்தான். ஆகவே அளவுகோல் அன்றே இருந்தது. கையில் எடுக்க மனமில்லாதவர்கள் இருந்தார்கள், அவ்வளவுதான்.

தெ கூஜ் அரசருக்காகப் பரிந்து பேசியவர் என்பார்கள். ஆம், பேசினார். அதனால் அவருடைய பத்தாவது பிரிவு பொய்யாகிவிடுமா?

பகுத்தறிவையும் உரிமைகளையும் முன்வைத்த ஐரோப்பிய அறிவொளிக் காலத்தையே நான் தூக்கி எறியச் சொல்வதாக ஒரு நண்பர் தனிச்செய்தியில் வருந்தியிருந்தார். ஐயா, அந்தச் சிந்தனை எனக்கு எவ்வளவு வேண்டியது என்பதைச் சொல்கிறேன். 1989-இல் தமிழ்நாட்டில் மகள்களுக்குப் பூர்விகச் சொத்தில் சம பங்கு தரும் சட்டத்திருத்தம் வந்தது. எனக்குத் திருமணமானது 1992-இல். அதற்கடுத்த ஆண்டு என் அண்ணன்மார் என்னைச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அழைத்துப் போய், வாசல் வேப்பமரத்தடியில் பத்திர எழுத்தர் காட்டிய இடங்களில் எல்லாம் கையெழுத்து வாங்கினார்கள். அந்தத் தாளின் பெயர் விடுதலைப் பத்திரம். என் பங்கிலிருந்து என்னை விடுவித்த பத்திரம். உரிமை சட்டத்தில் எனக்கும் இருந்தது. அதைக் கேட்பவள் நல்ல தங்கை அல்ல என்ற பேச்சும் இருந்தது. அன்று மதியம் அண்ணி எனக்குப் பிடித்த வத்தக்குழம்பு வைத்திருந்தார். ஒரு வாய்க்கு மேல் இறங்கவில்லை.

ஆகவே பிரகடனத்தில் யாருடைய பெயர் விடுபட்டது என்று நான் கேட்பது மேதாவித்தனத்தைக் காட்ட அல்ல. ஞாயிற்றுக்கிழமை சிரித்தவர்களில் இருவர் பெண்கள்; அதுதான் என்னை இரண்டு இரவு தூங்கவிடவில்லை.

தெ கூஜின் 17 பிரிவுகளையும் தமிழில் எழுதத் தொடங்கியிருக்கிறேன். முதல் வரியிலேயே நின்றுவிட்டேன். 'குடிமகன்' நம் பாடநூல்கள் எல்லாவற்றிலும் இருக்கிறான். 'குடிமகள்' என்று எழுதியபோது என் கைக்கே அந்தச் சொல் புதிதாக இருந்தது. அடிக்கவில்லை. அப்படியே விட்டிருக்கிறேன்.