கம்பெனி வண்டி வந்த பிறகு கிளம்பலாம்

எங்கள் குருசேகரத்தில், அதாவது ஒரே ஆயரின் பொறுப்பில் இருக்கிற சபைகளில், வாலிபர் ஐக்கியப் பொறுப்பில் 9 வருஷம் இருந்தேன். இப்போது அதைத் தம்பிமார் பார்த்துக்கொள்கிறார்கள். ஆனாலும் வேலூரில் வாலிபர் ஆராதனை, ஆம்பூரில் கூடுகை என்று நோட்டீஸ் வந்தால் எனக்கு ஒரு போன் வந்துவிடும். "அக்கா, வண்டிக்கு யாரைக் கேட்கலாம்?" போன ஞாயிற்றுக்கிழமையும் வந்தது. எத்தனை மணிக்குக் கிளம்புகிறீர்கள் என்று கேட்டேன். "சனிக்கிழமை மத்தியானம் ரெண்டரைக்குக்கா. அஞ்சு மணிக்கெல்லாம் ஆராதனை ஆரம்பிச்சிடும்" என்றான் தம்பி. அந்த ரெண்டரையைக் கேட்டதும் எனக்குப் பழையதெல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. அதைத்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக வரும்.

பேரணாம்பட்டு, ஆம்பூர்ப் பக்கத்துக் கிராமங்களில் இருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. விடிந்தும் விடியாமலும் ஷூ கம்பெனி வண்டிகள் ஊர் ஊராக நின்று பெண்களை ஏற்றிக்கொண்டு போகும். திரும்பி வர மாலை ஆறரை ஆகிவிடும். சனிக்கிழமையும் வேலை நாள்தான். எங்கள் ஐக்கியத்துப் பெண் பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் அந்த வண்டியில் போய் வருகிறவர்கள். கல்லூரிக்குப் போகிறவர்கள் கை விரலில் எண்ணிவிடலாம்.

சில வருஷங்களுக்கு முன்னால் இதே போல வேலூரில் ஒரு பெரிய ஆராதனை. இதே போல ரெண்டரை மணி. நேரத்தை முடிவு செய்ததே நான்தான். கம்பெனிக்குப் போகிற ஒரு தங்கச்சி வண்டிக் காசு 300 ரூபாயை ஆறு தவணையாகக் கட்டியிருந்தாள். ஐம்பது, ஐம்பதாக நோட்டில் என் கையெழுத்தில் இருக்கிறது. சூப்பர்வைசரிடம் அரை நாள் கேட்டிருக்கிறேன், கண்டிப்பாக வந்துவிடுவேன் என்று சொன்னாள். ரெண்டே முக்கால் வரைக்கும் பார்த்தோம். முன்னால் உட்கார்ந்தவர்கள் லேட்டாகிறது லேட்டாகிறது என்றார்கள். கிளம்பிவிட்டோம்.

அவளை மூன்று மணிக்குத்தான் விட்டிருக்கிறார்கள். பஸ் பிடித்து, சாப்பாட்டுப் பையோடு இறங்கி, ஆலயத்துக்கு ஓடி வந்து பார்த்தால் கேட் பூட்டியிருக்கிறது. இதை எங்கள் சபை உபதேசியாரின் மனைவி, உபதேசியாரம்மா சொல்லித்தான் மறுநாள் எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அவளைத் தேடிப் போய் அந்த 300 ரூபாயை நீட்டினேன். வாங்கவில்லை. அவள் கையை அப்போதுதான் கிட்டத்தில் பார்த்தேன். ஷூ ஒட்டுகிற பேஸ்டிங் செக்‌ஷனில் வேலை. விரல் நுனியெல்லாம் சொல்யூஷன் பசை காய்ந்து தோல் மாதிரி ஒட்டியிருந்தது. "இருக்கட்டும்க்கா, அடுத்த தடவைக்கு வெச்சுக்கோங்க" என்றாள். கோபம்கூடப் படவில்லை. ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அன்றைக்கு அந்த மைதானத்தில் நாங்கள் ஒன்றரை மணி நேரம் கைதட்டிப் பாடினோம். நல்ல ஆராதனை, குறை சொல்ல மாட்டேன். ஆனால் போக வேண்டிய பிள்ளையை விட்டுவிட்டுப் போன ஆராதனை அது.

அதிலிருந்து நான் ஒன்றைப் பிடித்துக்கொண்டேன். பயணத்துக்குத் திட்டம் போடும்போது வருகிறவர்கள் பட்டியலை அப்புறம் எழுதலாம். முதலில் வர முடியாதவர்கள் யார், ஏன் வர முடியவில்லை என்று எழுத வேண்டும். அதைப் பார்த்துவிட்டுத்தான் நேரம், வண்டி, காசு எல்லாம். "அப்படிச் செய்தால் பாதி ஆராதனை போய்விடும்" என்று என்னிடம் சண்டை போட்டவர்கள் உண்டு. உண்மைதான். ஆறே முக்காலுக்குக் கிளம்பினால் குடியாத்தம் தாண்டி, பள்ளிகொண்டாவில் ஹைவே ஏறி, வேலூர் போய்ச் சேர எட்டேகால் ஆகும். பிரசங்கத்தின் கடைசியும் ஜெபமும் நாலைந்து பாட்டும்தான் மிஞ்சும். இருக்கட்டும். எல்லாரும் சேர்ந்து ஒரு மணி நேரம் இருப்பது, பாதிப் பேர் நாலு மணி நேரம் இருப்பதைவிட மேல் என்று நான் நினைக்கிறேன். காசு இருக்கிற குருசேகரம் இரண்டு வண்டி போடட்டும், ஒன்று முன்னால், ஒன்று பின்னால். எங்களுக்கு அது கட்டாது.

இன்னொரு கேள்வி கமிட்டிப் பெரியவர்களிடமிருந்து வரும். "நம்ம சபையில ஆராதனை இல்லையா? எதுக்கு அம்மா வண்டி வெச்சுக்கிட்டு அங்கே போகணும்?" இந்தக் கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. அவர்கள் கட்டிக் காத்த ஆலயம், அவர்கள் சொல்ல உரிமை இருக்கிறது. ஆனால் எங்கள் மாதிரிக் கிராமச் சபை எப்படி இருக்கிறது என்று பாருங்கள். ஒரே தெரு. ஒரு பக்கம் மாமா வீடு, மறு பக்கம் சித்தப்பா வீடு. அமெரிக்காவிலிருந்து வந்த ஆற்காடு மிஷன்காரர்கள் 1853-க்குப் பிறகு இந்த ஜில்லாவில் ஊர் ஊராக நடந்து சேர்த்த சபைகள் நிறைய இப்படித்தான், ஊருக்கு வெளியே ஒரு தெரு, அந்தத் தெருவில் ஒரு சின்ன ஆலயம். அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைக்குச் சபை என்றால் தன் சொந்தக்காரர்கள், அவ்வளவுதான். ஊருக்குள் போனால் நாம் சின்னக் கூட்டம், ஒதுங்கி நிற்கிற கூட்டம் என்று அதற்குத் தெரிந்திருக்கும். அந்தப் பிள்ளை ஒரு சாயங்காலம் அரக்கோணம், சோளிங்கர், வாலாஜா, திருவண்ணாமலை என்று எங்கெங்கிருந்தோ வந்த ஆயிரம் பேர் நடுவில் நின்று, தன் வீட்டில் பாட்டி பாடுகிற அதே கீர்த்தனையை அத்தனை பேரும் பாடுவதைக் கேட்கிறது. முதுகு நிமிர்வதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். 1947 செப்டம்பர் 27-ம் தேதி சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் பல சபைகள் சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை ஆனது என்று, முதல் நற்கருணைக்கு முன்னால் நடக்கிற திடப்படுத்தல் வகுப்பில் படிக்கிறோம். அது புத்தகத்தில் ஒரு வரி. பக்கத்தில் நிற்கிற முன்பின் தெரியாத பெண் "நீங்க எந்தச் சபைங்க?" என்று கேட்கும்போதுதான் பிள்ளைக்கு அது புரிகிறது.

வேலூரும் அப்படித்தான். எங்கள் பிள்ளைகளில் பல பேருக்கு வேலூர் என்றால் சி.எம்.சி. ஆஸ்பத்திரி மட்டும்தான். தாத்தாவை அட்மிட் செய்தபோது வராந்தாவில் படுத்திருந்த ஞாபகம். அதனால் ஒரு தடவை லீவு நாளில் கூடுகை வந்தபோது வேண்டுமென்றே மூன்று மணி நேரம் முன்னால் போனோம். கோட்டைக்குள் 1846-ல் கட்டிய செயின்ட் ஜான்ஸ் ஆலயத்தைக் காட்டினேன். அதே கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயிலும் மசூதியும் இருப்பதைப் பார்த்துவிட்டு ஒரு பையன் அகழிக்கரையில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தான். ஏன்டா என்றேன். "ஆஸ்பத்திரிக்கு இல்லாம இப்பதான்க்கா வேலூர் வரேன்" என்றான்.

சரி, காசு. பாக்கி வைத்தவர்கள் பெயரை ஆராதனை முடிந்ததும் வாசிக்கிற வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. தயவு செய்து நிறுத்துங்கள். பெயர் வாசிக்கப்பட்ட பிள்ளை வண்டிக்கும் வராது, அடுத்த வாரம் ஆலயத்துக்கும் வராது. இரண்டு மாதம் முன்னாலேயே நோட்டுப் போட்டு, பத்து இருபதாக வாங்குங்கள். நோட்டு ஒருத்தர் கையில் மட்டும் இருக்கட்டும். குறைகிற காசுக்கு எங்கள் ஆயர் ஐயா ஒரு வழி செய்தார். அறுப்பின் பண்டிகையில் காணிக்கைப் பொருள்களை ஏலம் விடும்போது ஒரு சேவலை வாலிபர் பயணத்துக்கு என்று தனியாக வைத்தார். ஏலம் எடுத்தவர் திரும்பவும் காணிக்கையாக விட, இன்னொருத்தர் எடுக்க, அந்த ஒரு சேவல் நாலு கை மாறி 2,600 ரூபாய் கொண்டு வந்தது. யாருக்கு எவ்வளவு போனது என்று ஐயாவுக்கும் பொருளாளருக்கும் தவிர யாருக்கும் தெரியாது.

காசு மிச்சம் பிடிக்கிறோம் என்று சின்ன யானையிலோ மினி லாரியிலோ பிள்ளைகளை ஏற்றாதீர்கள். இதில் நான் யாரிடமும் விட்டுக்கொடுத்துப் பேச மாட்டேன். சரக்கு வண்டியில் சும்மா ஏறிப் போகிறவருக்கு ஏதாவது ஆனால் இன்ஷூரன்ஸ் நிற்காது. 21 சீட் வேன் என்றால் 21 பேர்தான். டூரிஸ்ட் பர்மிட், எஃப்.சி. என்கிற வண்டித் தகுதிச் சான்று, இன்ஷூரன்ஸ் மூன்றையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஓனர் கோபித்துக்கொண்டால் வேறு வண்டி பாருங்கள். அப்புறம் டிரைவர் அண்ணன். நாம் உள்ளே பாடிக்கொண்டிருக்கும் நேரத்தில் அவர் தூங்க வேண்டும். அவருக்கு முதலில் சாப்பாடு, வண்டியிலேயே ஒரு பாயும் தலையணையும். திரும்பும்போது முன் சீட்டில் விழித்திருந்து பேச்சுக் கொடுக்க ஒரு ஆள். ராத்திரி ஹைவேயில் பயணத்தைக் காப்பாற்றுவது ஜெபமும், தூங்கி எழுந்த டிரைவரும்.

சென்னைப் பக்கம் என்றால் நான் ரயிலைத்தான் சொல்வேன். பள்ளிகொண்டா, வாலாஜா, ஸ்ரீபெரும்புதூர் என்று டோலுக்கே ஒரு தொகை போய்விடும். 2024 நவம்பரிலிருந்து முன்பதிவு 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது. ஒரு டிக்கெட்டில் ஆறு பேர், 24 பேர் என்றால் நாலு டிக்கெட். ஆறு பேருக்கு ஒரு பெரியவர் என்று பிரித்துவிட்டால், பெட்டி மாறி உட்கார்ந்தாலும் ஒரு பிள்ளையும் தனியாக இருக்காது.

பெண் பிள்ளைகளைப் பற்றி யாரும் பேசாத ஒன்றைச் சொல்கிறேன். காலையிலிருந்தே தண்ணீர் குடிக்க மாட்டார்கள். வழியில் எங்கே நிறுத்துவார்களோ, நிறுத்தினாலும் எப்படி இருக்குமோ என்ற பயம். மே மாதத்து வேலூர் வெயிலில் வாய் ஒட்டிப்போய் உட்கார்ந்திருப்பார்கள், கேட்டால் தாகமில்லை என்பார்கள். ஒரு தடவை ஒரு பிள்ளை கூட்டத்தின் நடுவில் மயங்கி விழுந்த பிறகுதான் எனக்கு விஷயமே விளங்கியது. அதன் பிறகு போகிற வழியில் எந்தப் பெட்ரோல் பங்கில் கழிவறை சுத்தமாக இருக்கிறது என்று முன்னாலேயே போய்ப் பார்த்துவிட்டு வருவேன். கிளம்பும்போதே எல்லாருக்கும் கேட்கும்படி, "குடியாத்தம் தாண்டி ஒரு இடம், வேலூர் போனதும் ஒரு இடம், நிறுத்துவோம், தண்ணி குடிங்க" என்று சொல்லிவிடுவேன். இதைச் சொல்ல வண்டியில் இரண்டு அக்காமார், முடிந்தால் ஆயரம்மா, கட்டாயம் இருக்க வேண்டும். 18 வயதுக்குக் கீழே இருக்கிற பிள்ளைகளின் வீட்டுக்கு நேரில் போய்க் கேளுங்கள், கையெழுத்து வாங்குங்கள். வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டோம் என்று விடாதீர்கள். பாதிப் பெண் பிள்ளைகளிடம் சொந்தப் போன் கிடையாது, அண்ணன் போனில் வந்த செய்தி அண்ணனோடு நின்றுவிடும்.

திரும்பி வரும்போது ராத்திரி பதினொன்றரை, பன்னிரண்டு ஆகும். பஸ் ஸ்டாப்பில் இறக்கிவிட்டு "போய்ச் சேர்ந்ததும் மெசேஜ் போடுங்க" என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வண்டி போகிற வீட்டுக்கு வண்டி, போகாத சந்துக்கு டார்ச் அடித்துக்கொண்டு நடை. ஒரு ராத்திரி ஏரிக்கரைத் திருப்பத்தில் மதகுக் கட்டையில் ஒருத்தர் போர்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சைக்கிள். மகளை அனுப்பவே மாட்டேன் என்று மூன்று வருஷம் மறுத்தவர். பிள்ளை இறங்கியதும் ஒன்றும் பேசவில்லை, வண்டிக்குள் எட்டிப் பார்த்து தலைகளை எண்ணினார். "இன்னும் எத்தனை வீடும்மா?" என்று கேட்டார். ஆறு என்றேன். மகளைச் சைக்கிளில் உட்கார வைத்துவிட்டு, அந்த ஆறு வீடும் முடியும் வரை எங்கள் வண்டிக்குப் பின்னாலேயே மிதித்து வந்தார். அடுத்த வருஷம் அவர் மகள் பெயர்தான் நோட்டில் முதல் பெயர்.

கூடுகை நடத்துகிற அண்ணன்மார், ஆயர்மார் யாராவது இதைப் படித்தால் ஒரு விண்ணப்பம். சனிக்கிழமை மாலையை விட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு வையுங்களேன். காலையில் அவரவர் சபையில் ஆராதனை முடிந்திருக்கும். கம்பெனிக்கும் லீவு, பீடி சுற்றுகிற வீடுகளிலும் அன்றைக்குக் கை ஓயும். ஏழு மணிக்கு முடித்தால் ஒன்பதுக்குள் வீடு. பெரிய மேடை, பெரிய லைட் எல்லாம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, எங்கள் பிள்ளைகள் கேட்பது அதை இல்லை.

இந்தத் தடவை நோட்டீஸ் அடித்தாகிவிட்டது, நாள் மாறாது. நேற்று ராத்திரி தம்பி திரும்பவும் போன் செய்தான். கமிட்டியில் பேசிவிட்டார்களாம், ஆறே முக்கால் என்று மாற்றியாகிவிட்டது, டிரைவர் அண்ணனும் ஒத்துக்கொண்டார். கம்பெனி வண்டி ஊருக்குள் வந்த பிறகுதான் வேன் எடுப்பார்கள், லேட்டானாலும் காத்திருப்பார்கள். கை கால் கழுவி உடுத்திக்கொள்ள ஆயர் வீட்டுப் பக்கத்து அறை திறந்திருக்கும். இட்லியும் தக்காளிச் சட்னியும் வண்டியிலேயே. நோட்டில் இதுவரை 18 பெயர், இன்னும் மூன்று சீட் இருக்கிறது. கம்பெனிக்குப் போகிற பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால் சொல்லுங்கள், காசைப் பற்றி அப்புறம் பேசலாம்.